அந்தச் சிவப்புச் சாவி எங்கே இருக்கிறது?



‘வீட்டுக்கு ஒரு டிரெட்மில் வாங்கலாம் என்று இருக்கிறோம். எந்த கம்பெனி நல்லது?’ சமீப காலமாக வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பண்டிகை ஆஃபர், மாதத் தவணை, வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுக்கும் வசதி எல்லாமாகச் சேர்ந்து, ஜிம்மில் மட்டுமே பார்த்துவந்த மெஷினை நடுத்தரக் குடும்பங்களின் ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டன.

கம்பெனி விஷயத்தை உங்கள் பட்ஜெட்டுக்கும், பக்கத்திலேயே சர்வீஸ் ஆள் கிடைப்பாரா என்ற விசாரிப்புக்கும் விட்டுவிடுகிறேன். அதற்கு முன்னால் நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. அந்த மெஷினை வீட்டில் எங்கே வைக்கப்போகிறீர்கள்? அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்குகிறவர்களின் காரணம் எனக்கு நன்றாகவே புரிகிறது. காலையில் ஐந்தரை மணிக்கு வாக்கிங் கிளம்பினால் தெருமுனையில் நாலைந்து நாய்கள் நிற்கின்றன. நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் பைக் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரையில் ஏழு மணிக்கே வெயில் சுடுகிறது. பெண்களுக்கு இருட்டு விலகுவதற்கு முன்னால் தனியாக வெளியே போகத் தயக்கம்; விலகிய பிறகோ டிபன், டப்பா, ஸ்கூல் வேன் என்று நிற்க நேரமில்லை. இவர்களுக்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் நடக்க முடிவது பெரிய விஷயம்தான்.

நடந்தே ஆக வேண்டிய நிலையிலும் நாம் இருக்கிறோம். சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். அடுத்த ஆண்டே வந்த இன்னொரு சர்வதேச ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை என்றது. ஆண்களைவிடப் பெண்கள் நிலைமை இன்னும் மோசம். நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்கிற நம் வீட்டுப் பெண்களையா சொல்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடப்பது மூச்சு வாங்க நடக்கும் நடை ஆகிவிடாது அல்லவா?

உலக சுகாதார அமைப்பு கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், ஓரளவு மூச்சு வாங்கும் உடற்பயிற்சி. ஐந்து நாள், தினம் அரை மணி. டிரெட்மில்லில் அது சாத்தியம்தான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வீட்டில் மோட்டார் வைத்த மெஷின்கள் எத்தனை இருக்கின்றன! மிக்ஸி ஓடும்போது ஜாருக்குள் ஸ்பூன் விடக் கூடாது என்று நமக்குத் தெரியும். கிரைண்டர் பக்கத்தில் குழந்தை வந்தால் கை தானாகவே சுவிட்ச்சுக்குப் போகும். வாஷிங் மெஷின் சுற்றும்போது மூடியைத் திறக்கவே விடாது. டிரெட்மில் ஒன்றில்தான், ஓடுகிற மெஷின் மேலேயே ஆள் ஏறி நிற்கிறார். மற்ற மெஷின்களுக்கு அம்மாவும் பாட்டியும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இருக்கிறது. இதற்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒருவரும் இல்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தை இதற்கு ஒதுக்கினேன்.

முதலில் இடம். கடையில் பார்க்கும்போது மெஷின் சின்னதாகத்தான் தெரியும். வீட்டில் வைக்கும் மாடல்களின் நீளம் பெரும்பாலும் ஐந்தரை அடிக்குக் குறையாது. அதற்குப் பின்னால் இன்னும் ஆறடி காலி இடம் வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி. பல கம்பெனிகளின் கையேட்டிலும் ஏறக்குறைய இதே அளவுதான் இருக்கும். பத்துக்குப் பத்து பெட்ரூமில் கட்டிலும் பீரோவும் போக இந்த இடம் எங்கே கிடைக்கும்? டேப்பை எடுத்துத் தரையில் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். கடைக்குப் போவது அதற்கப்புறம் இருக்கட்டும்.

பின்னால் ஏன் ஆறடி? கால் தடுமாறினால் பெல்ட் நம்மை முன்பக்கம் தள்ளாது, பின்பக்கம்தான் கொண்டுபோகும். பின்னால் இடம் இருந்தால் தரையில் விழுவோம். முட்டியில் சிராய்ப்போடு எழுந்துவிடலாம். பின்னாலேயே சுவரோ கட்டிலோ இருந்தால், அதற்கும் மெஷினுக்கும் நடுவில் உடல் சிக்கிக்கொள்ளும். பெல்ட்டோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கை, முதுகு, முகம், எது அதன் மேல் பட்டிருக்கிறதோ அந்த இடத்துத் தோலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இட நெருக்கடியில் பலரும் மெஷினின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, டி.வி.யைப் பார்த்தாற்போல் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைத் திருப்பிப் போடுங்கள். முன்பக்கம் சுவர் ஓரமாக இருக்கலாம். பின்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

முடிந்தால் அறைக் கதவு நம் கண்ணில் படும்படி வையுங்கள். முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. திரும்பிப் பார்ப்போம். திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில்தான் கால் பெல்ட்டின் ஓரத்துக்குப் போகும்.

இன்னொன்று, நம் ஊர் வீடுகளுக்கே உரியது: சீலிங் ஃபேன். மெஷினின் மேடையே அரை அடிக்கு மேல் உயரம். அதன் மேல் ஐந்தே முக்கால் அடி ஆள் ஏறி நின்று, வியர்வையில் பனியனைக் கழற்றக் கையைத் தூக்கினால் விரல் நுனி எட்டடிக்குப் போய்விடும். சில ஃபிளாட்டுகளில் ஃபேன் இறக்கை இருப்பதும் அந்த உயரத்தில்தான். நேர் கீழே வைக்காமல் தள்ளி வையுங்கள். காற்று எப்படியும் வரும்.

‘பால்கனியில் வைத்தால் காற்றோட்டமாக இருக்குமே!’ என்று கேட்பார்கள். சாரல் அடிக்கும் இடத்தில் கரண்ட்டில் ஓடும் மெஷினை வைப்பது சரியில்லை. கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு இரும்பைத் தின்றுவிடும். பால்கனி, மொட்டை மாடி ஷெட் இரண்டையும் மறந்துவிடுங்கள். தரை சமமாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆடினால், அடியில் அட்டையை மடித்து வைக்கக் கூடாது. மெஷினிலேயே திருகி உயர்த்தும் கால்கள் இருக்கும். பொருத்த வருபவரையே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

அடுத்தது கரண்ட். இதில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்குக் கவலையாக இருக்கிறது. வீட்டில் சாதாரணமாக இருக்கும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்ப்ஸ். நம் 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,380 வாட் வரைதான் தாங்கும். எடை கூடிய ஒருவர் ஏறி நடக்கும்போது டிரெட்மில் மோட்டார் அதைத் தாண்டி இழுக்க வாய்ப்பு உண்டு. ஏ.சி.க்கும் கீசருக்கும் போடுவதுபோல 16 ஆம்ப்ஸ் பவர் பிளக் வேண்டும். அதுவும் அந்த மெஷினுக்கென்று தனியாக.

அந்த இடத்தில் பவர் பிளக் இல்லை என்றால் என்ன செய்கிறோம்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வருகிறோம். பெரிய பின் நுழையவில்லை என்றால் கன்வெர்ட்டர் பின் வாங்கிச் செருகுகிறோம். வயர் சூடாவது நமக்குத் தெரியாது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான் தெரியும். எலெக்ட்ரீஷியனை ஒரு நாள் அழைத்துத் தனி லைன் இழுத்துவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நாம் ஏறி நிற்பது இரும்புச் சட்டத்தின் மேல், வியர்வை வழியும் உடம்போடு. எர்த் இல்லாத பாயின்ட்டில் இந்த மெஷினை ஓட்டக் கூடாது. மெயின் போர்டில் கசிவு மின்சாரத்தைப் பிடித்து நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு என்றால், அதையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். வீடு முழுமைக்கும் அது காவல்.

இன்வெர்ட்டர் லைனில் டிரெட்மில்லைக் கொடுக்க வேண்டாம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் பெல்ட் நின்றுவிடும். முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். இறங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் திரும்பி வரும்போது அந்த மெஷின் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

சரி, மெஷின் வந்தாயிற்று, இடமும் கரண்ட்டும் சரியாயிற்று. எதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறோம்?

நம் வீடுகளில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறோம். ஹாலில் ஷூவோடு நிற்பது பாட்டிக்கு மட்டுமல்ல, நமக்கே மனசு ஒப்பாது. அதனாலேயே பலர் வெறுங்காலில் நடக்கிறார்கள். சிலர் பாத்ரூம் ரப்பர் செருப்போடு ஏறுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. வெறுங்கால் பெல்ட்டில் உரசினால் தோல் வழன்றுவிடும். ரப்பர் செருப்பு எப்போது காலைவிட்டுக் கழலும் என்று சொல்ல முடியாது. இதற்கு வழி சுலபம். வெளியே போட்டுப் போகாத புது ஷூ ஒரு ஜோடியை வாங்கி, மெஷின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். தெருப் புழுதி வீட்டுக்குள் வராது. பெல்ட்டுக்கு அடியிலும் மண் போய்ச் சேராது.

நைட்டியோடு, துப்பட்டாவோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அரை மணி நேரத்துக்காக டிரஸ் மாற்றுவது அலுப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நைட்டியின் கீழ் விளிம்பை நாமே மிதித்தாலும் போதும், ஆள் முன்னால் சாய்ந்துவிடும். துப்பட்டாவின் நுனி பெல்ட்டுக்கும் பின் உருளைக்கும் நடுவில் போனால் இழுபடுவது கழுத்து. பேன்ட், டி-ஷர்ட், முடியைத் தூக்கி ஒரு கிளிப். இது போதும். மாமியார், மாமனார் இருக்கும் வீட்டில் சங்கடமாக இருந்தால், சுடிதாரை துப்பட்டா இல்லாமல், காலோடு ஒட்டிய லெகின்ஸோடு போட்டுக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களே, நீங்களும் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். மருமகள் பத்திரமாக நடக்க வேண்டும் என்பதற்காகத்தானே! ஆண்களுக்கும் இதே விதிதான். லுங்கியோடும் வேட்டியோடும் ஏறக் கூடாது.

ஏறும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டின் இரண்டு பக்கமும் நகராத பட்டைகள் இருக்கின்றன. முதலில் அவற்றின் மேல் பக்கத்துக்கு ஒரு காலை வைத்து அகட்டி நிற்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். பெல்ட் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு ஊர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வையுங்கள். பெல்ட் மேலேயே நின்றுகொண்டு ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். நேற்று பையன் எந்த வேகத்தில் விட்டுப் போனான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது.

ஸ்டார்ட் அழுத்துவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டிஸ்ப்ளேவுக்குக் கீழே சிவப்பு நிறத்தில் ஒரு சின்னச் சாவி. பெரும்பாலான மெஷின்களில் அது காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் துணி காயப்போடும் கிளிப் போல ஒன்று. அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் பின்னால் சறுக்கினால் கயிறு இழுபட்டுச் சாவி பிய்த்துக்கொண்டு வந்துவிடும், பெல்ட் நின்றுவிடும். மெஷினில் உயிரைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த பாகம் அது.

நம் வீடுகளில் அதன் கதி என்ன? கிளிப்பைக் கைப்பிடியில் சுற்றி வைத்திருப்பார்கள். கயிறு தொந்தரவாக இருக்கிறதென்று வெட்டி எறிந்தவர்களும் உண்டு. சாவி மட்டும் எப்போதும் மெஷினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற நிலையில்!

ஏறிய பிறகு நடப்பதைத் தவிர வேறு எதையும் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்புக்குப் பதில் அடிக்கக் கண் கீழே போனதும் நடை கோணலாகிவிடும். ஆனால் போனைவிடப் பெரிய எதிரி, பெண்களுக்குக் குக்கர் விசில். மூன்றாவது விசில் கேட்டதும் ஓடுகிற பெல்ட்டிலிருந்து அப்படியே குதித்து கிச்சனுக்கு ஓடுகிறார்கள். காலிங் பெல்லுக்கும் பால்காரருக்கும் இதே ஓட்டம். கால் சுளுக்கோடு தப்பினால் அதிர்ஷ்டம். அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஏறுங்கள். வாசலுக்கு வீட்டில் வேறு யாராவது போகட்டும். உங்கள் உடம்புக்கென்று ஒதுக்கிய முப்பது நிமிடத்தை அந்த வீடு உங்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

நிறுத்துவதும் படிப்படியாகத்தான். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால், காலுக்குப் போன ரத்தம் அங்கேயே தங்கித் தலை சுற்றும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பெல்ட் முழுவதும் நின்ற பிறகு கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குங்கள்.

எவ்வளவு வேகம் என்று பலருக்குக் குழப்பம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. டாக்டர்கள் சொல்லும் எளிய அளவு அதுதான். நம்மில் பலருக்கு அது மணிக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டரில் வரும். அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டிலிருந்தோ இரண்டரையிலிருந்தோ ஆரம்பிக்கலாம். அவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பதில் எந்தக் குறையும் இல்லை. கைப்பிடியில் ஓடும் நாடித்துடிப்பு எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.பி.க்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் துடிப்பையே குறைத்து வைத்திருக்கும்.

டிரெட்மில் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது டி.எம்.டி. டெஸ்ட். அமெரிக்காவில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963-ல் வகுத்த முறையில்தான் பல ஆஸ்பத்திரிகளில் இன்றும் அதைச் செய்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். நெஞ்சில் ஒயர் ஒட்டியிருப்பார்கள், இ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கும், டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் நிற்பார்கள். கவனியுங்கள், இதயத்தைச் சோதிக்கவே பயன்படுத்தும் மெஷின் இது. அதே மெஷினில் வீட்டில் ஏறும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

2015 மே மாதம், சர்வேமங்கி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைவர் டேவ் கோல்ட்பெர்க், மெக்சிகோவில் விடுமுறையில் இருந்தபோது உடற்பயிற்சிக் கூடத்தில் விழுந்து கிடந்தார். வயது 47. டிரெட்மில்லிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதால் இறந்தார் என்றுதான் முதலில் செய்தி வந்தது. இதய ரத்தக் குழாய் நோயால் துடிப்பு தாறுமாறானதே காரணம் என்று குடும்பத்தார் பிறகு சொன்னார்கள். எது முதலில் நடந்திருந்தாலும், விழுந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை.

அதனால் நாற்பதைத் தாண்டியவர்கள், சுகர், பி.பி. உள்ளவர்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதிலேயே ஹார்ட் அட்டாக் வந்த குடும்பத்தினர், ஒரு முறை டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். நெஞ்சில் பாரம், தாடை வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, கண் இருட்டல் வந்தால் அன்றைய கணக்கை முடிக்க வேண்டும் என்று பார்க்க வேண்டாம். நிறுத்திவிட்டு உட்காருங்கள், வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். சிறிது நேரத்தில் சரியாகவில்லை என்றால் 108.

சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கை நடுக்கம், குப்பென்று வியர்வை வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். கைக்கெட்டும் இடத்தில் குளுகோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். நடந்து முடித்ததும் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தது வலித்துத் தெரியாது, பார்த்தால்தான் தெரியும்.

இனி சொல்லப்போவதுதான் என் மனதை அதிகம் அழுத்துவது. குழந்தைகள்.

டிரெட்மில்லின் பின் முனையில் ஒரு முறை குனிந்து பாருங்கள். பெல்ட் உருளையைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போகிறது. அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. தவழும் குழந்தையின் கண் மட்டத்தில் இருப்பது அதுதான். கறுப்பாக, வேகமாக, சத்தத்தோடு ஓடும் பொருளைப் பார்த்தால் ஒன்றரை வயதுக் குழந்தை என்ன செய்யும்? உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைக்கும். வைத்த கையை பெல்ட் உள்ளே இழுக்கும். பெரியவர்கள் போல் கையை உருவிக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியாது. உள்ளங்கையிலும் விரல்களிலும் ஏற்படும் இந்த உராய்வுத் தீக்காயம் பல நாடுகளின் குழந்தை மருத்துவர்களுக்குப் பழக்கமானது. சில குழந்தைகளுக்கு வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டி அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. காயம் ஆறும்போது தோல் இறுகி விரல் மடங்கிப் போவதும் உண்டு.

2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் ட்ரெட் பிளஸ் என்ற மாடலில் சுமார் 1,25,000 மெஷின்களைத் திரும்பப் பெற்றது. ஆட்களும் செல்லப் பிராணிகளும் பொருள்களும் மெஷினின் பின்பக்கம் அடியில் இழுக்கப்பட்டதாக 70-க்கும் மேற்பட்ட புகார்கள். ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்தே போனது. அந்த நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அப்போது சொன்ன ஒரு தகவலைப் படித்துத் திகைத்துப்போனேன். பெற்றோர் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படி ஒரு விபத்து நடந்திருக்கிறது. முன்னால் பார்த்து ஓடுகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பாட்டு ஹெட்போனில் ஓடினால் காதிலும் விழாது.

ஆகவே சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், குழந்தை தூங்கும் நேரத்திலோ, இன்னொருவர் குழந்தையை வேறு அறையில் வைத்திருக்கும்போதோ மட்டும் டிரெட்மில்லில் ஏறுங்கள். ‘நான் நடக்கிறேன், நீ இங்கேயே உட்கார்ந்து விளையாடு’ என்பது கூடவே கூடாது. இறங்கியதும் சிவப்புச் சாவியை எடுத்து, மாத்திரை டப்பாவை எங்கே வைக்கிறீர்களோ அந்த உயரத்தில் வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மடக்கி நிறுத்தும் மாடல் என்றால், பூட்டு ‘க்ளிக்’ என்று விழுந்ததா எனப் பார்த்துவிட்டு நகருங்கள். அவ்வளவு கனமான மேடை, சரியாகப் பூட்டாமல் சாய்ந்து நின்றால் குழந்தை இழுத்தாலே கீழே வரும். சாவிக் கயிறும் தொங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். சின்னக் குழந்தைக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ள அது போதும்.

ஒருவேளை கை சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். சாவியைப் பிடுங்குங்கள், சுவிட்ச்சை அணையுங்கள், பெல்ட் நின்ற பிறகு மெதுவாக விடுவியுங்கள். வளையல், மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. மேலாக உரசியது போலத் தெரிந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உராய்வுக் காயத்தின் ஆழம் வெளியே தெரியாது.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் யாராவது இதையெல்லாம் சொல்கிறோமா? ஈர மாப்பை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் துடைப்பது அவர்தான். டிஸ்ப்ளேவைத் துடைக்கும்போது அவர் கை ஸ்டார்ட் பட்டனில் படலாம். பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடச் சொல்லுங்கள். விருந்தாளிகள் பிள்ளைகளோடு வரும் நாளிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிகான் எண்ணெய் விட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது கையேட்டில் இருக்கும். மெஷினோடு ஒரு சின்ன பாட்டில் வரும். தீர்ந்தால் அதே வகையை வாங்குங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் விட்டால் பெல்ட் கெட்டுவிடும். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினாலோ, கால் வைக்கும்போது வழுக்கி நழுவினாலோ அன்றைக்கு அதில் ஏறாதீர்கள். பின்னால் இருக்கும் போல்ட்டைக் கால் சுற்று திருப்பினால் சரியாகும் சின்ன வேலைதான். முதல் முறை சர்வீஸ் ஆளைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் அடியில் கனமான ரப்பர் மேட் போட்டுவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் காலடி ஒவ்வொன்றும் கீழ்வீட்டுக்காரர் தலைமாட்டில் கேட்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களும் நிறைய. தப்பில்லை. ஆனால் அந்தச் சிவப்புச் சாவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ‘அது தொலைந்துபோச்சு, ஒரு காந்தத்தை வைத்து ஓட்டிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள், அல்லது கம்பெனியிலிருந்து புதுச் சாவி வரும் வரை ஏறாதீர்கள். இப்போது வரும் வாக்கிங் பேட் எனப்படும் தட்டையான மெஷின்களில் பலவற்றுக்குக் கைப்பிடியே கிடையாது. வயதானவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அளந்து பார்த்தீர்கள், இடம் இல்லை. என்ன செய்வது? வாங்க வேண்டாம் என்பதே என் பதில். தவழும் குழந்தை இருந்து, மெஷினுக்குக் கதவு போட்ட அறை இல்லாத வீட்டுக்கும் இதே பதில்தான். குழந்தை வளரும் வரை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுங்கள். மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கலாம். பக்கத்துப் பார்க்கில் நாலு பேராகச் சேர்ந்து போகலாம். சுகர் குறைவதற்கு நடைதான் வேண்டும். மெஷின் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும், தாத்தா பாட்டி, பத்து வயதுப் பிள்ளை உட்பட, மெஷினைச் சுற்றி நிற்க வையுங்கள். எப்படி நிறுத்துவது, சாவி எங்கே இருக்கும், பிளக் எது என்று ஒவ்வொருவரும் ஒரு முறை தானே செய்து பார்க்கட்டும். பத்து நிமிடம் ஆகும். செய்த பிறகு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்